கில்கென்னியை வரைய எங்கே நிற்பது? கோட்டை மட்டும் போதுமா, ஊரும் வேண்டுமா?

ஈரத்தூரிகை:

வணக்கம் நண்பர்களே. வேலைக்காக அயர்லாந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் இருக்கும் இடத்திலிருந்து கில்கென்னிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. லீவு கிடைத்தால் வரைபலகையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன். ஊருக்கு நடுவே நோர் ஆறு ஓடுகிறது, கரைமேட்டில் சாம்பல் நிறத்தில் கோட்டை நிற்கிறது. முதல் நாள் ஜான் பாலத்தில் நின்று அதைப் பார்த்தபோதே வரைந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இணைத்திருக்கும் படம் நாலாவது முயற்சி. அரைத்தாள் அளவு, நீர்வண்ணம். பாலத்தின் மேல் நின்று ஆறு போகும் திசையைப் பார்த்து வரைந்தது. வலது பக்கம் கோட்டை, அதன் கீழே மரங்கள், இடது பக்கம் ஆறு. விளக்குக் கம்பம், கார், வேலி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

பார்த்தவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். எனக்குத்தான் திருப்தி இல்லை. காலண்டர் படம் மாதிரி இருக்கிறது. நான் அங்கே நின்றபோது இருந்த ஏதோ ஒன்று தாளில் வரவில்லை. கல்லின் நிறம் தப்பா, நான் நின்ற இடம் தப்பா? மறைக்காமல் சொல்லுங்கள். வரைகிறவர்கள் சொன்னாலும் சரி, வரலாறு தெரிந்தவர்கள் சொன்னாலும் சரி.

மாடவிளக்கு:

ஆற்றில் விழும் நிழல் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது அக்கா. அதை மட்டும் மாற்றாதீர்கள்.

கோட்டோவியன்:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்மா. கை நல்ல கை. முதலில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன், மற்றது அப்புறம்.

சுவர் முழுக்க பெயின்ஸ் கிரே போட்டிருக்கிறீர்கள், சரியா? குழாயிலிருந்து பிதுக்கி நேராகப் போட்ட சாம்பல் அது. அதனால்தான் கோட்டை சிமெண்டில் கட்டியது மாதிரி தெரிகிறது. அது சுண்ணாம்புக் கல். வெயில் காய்ந்த கல்லில் லேசான மஞ்சள் கலந்த வெளுப்பு இருக்கும். மழை பெய்து நனைந்த கல் நீலத்துக்குப் போய்விடும். ஒரே சுவரிலேயே மேல்பாதி காய்ந்தும் கீழ்ப்பாதி நனைந்தும் இருக்கும்போது இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அயர்லாந்து வானிலையில் இதைப் பார்க்க ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் முழுசாகக் கலக்காமல், பாதி கலந்தும் கலக்காமலும் தாளில் விடுங்கள். அல்ட்ராமரைனின் துகள் தாளின் குழிகளில் போய் உட்காரும், சியன்னா மேலே மிதந்து விலகும். காய்ந்த பிறகு பார்த்தால் கல்லின் சொரசொரப்பு தானாகவே வந்திருக்கும். தனித்தனியாக ஒவ்வொரு கல்லையும் கோடு போட்டுக் காட்ட வேண்டாம். எங்காவது நாலு இடத்தில் காட்டினால் போதும், மீதியைப் பார்க்கிறவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

இன்னொன்று. காலையில் போங்கள். ஆற்றைப் பார்த்த நீளச் சுவரில் காலை வெயில் சாய்வாகப் படும், சன்னல் குழிவெல்லாம் நிழலாகத் தெரியும். மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். உங்கள் படம் மத்தியானத்தில் வரைந்தது என்று நினைக்கிறேன்.

ஈரத்தூரிகை:

ஆமாம் சார், மத்தியானம் இரண்டு மணி! பெயின்ஸ் கிரேயும் சரி. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. அடுத்த முறை காலை பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

பழங்கல்:

கல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. அந்த வட்டாரத்தில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லை மெருகேற்றினால் கருகருவென்று ஆகிவிடும். அதற்குள் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகளின் புதைபடிவம் தெரியும், ஒரு காலத்தில் அந்த நிலம் கடலடி. கில்கென்னிக் கருப்புப் பளிங்கு என்று அதற்குப் பெயர். புவியியல்படி அது பளிங்கு இல்லை, சுண்ணாம்புக் கல்தான், ஆனால் ஊருக்குப் பளிங்கு நகரம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. "புகையில்லாத நெருப்பு, மூடுபனியில்லாத காற்று, சேறில்லாத தண்ணீர், பளிங்கு பாவிய தெரு" என்று ஊரைப் பற்றி ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. புகையில்லாத நெருப்பு என்பது பக்கத்து காசில்கோமர் சுரங்கத்து அந்திரசைட் நிலக்கரி.

ஈரத்தூரிகை அவர்களே, புனித கேனிஸ் பேராலயத்துக்குள் போய்ப் பட்லர் குடும்பத்துக் கல்லறைகளைப் பாருங்கள். படுத்த நிலையில் ஆணும் பெண்ணுமாகச் செதுக்கிய உருவங்கள். வெளிச் சுவரின் சாம்பலும் உள்ளே இருக்கும் கருப்பும் ஒரே வட்டாரத்து மண்ணிலிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்டு வரைந்தால் கை வேறு மாதிரி போகும்.

இப்போது கோட்டைக்கு வருகிறேன். நீங்கள் வரைந்திருப்பது இடைக்காலக் கோட்டை என்று நினைத்து வரைந்திருக்கிறீர்கள் என்று படுகிறது. மதிலின் மேல் பல்வரிசை மாதிரி நிற்கும் ஞாயில்கள், கூரையே தெரியாத உச்சி, எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தோற்றத்தில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டுடையது.

கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்ட்ராங்போ என்ற நார்மன் பிரபு 1172 வாக்கில் அந்த மேட்டில் முதல் காவலிடத்தை அமைத்தான். அவன் மகளைக் கட்டிய வில்லியம் மார்ஷல்தான் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லால் எழுப்பியது. நாலு மூலைக்கும் நாலு உருண்டைக் கோபுரம். 1391இல் பட்லர் குடும்பம் விலைக்கு வாங்கியது. 1650இல் இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல்லின் படை முற்றுகையிட்டபோது கிழக்குச் சுவரும் ஒரு கோபுரமும் அடிபட்டன, பிறகு அவற்றை அகற்றிவிட்டார்கள். அதனால்தான் கோட்டை இன்றைக்கு மூன்று கோபுரத்தோடு, பூங்காப் பக்கம் திறந்த முற்றத்தோடு நிற்கிறது.

அதற்கப்புறம் அந்தப் பட்லர் குடும்பத்து ஆர்மண்ட் டியூக், வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர், 1660களில் தொடங்கி அதைப் பிரெஞ்சு மாளிகை மாதிரி மாற்றினார். உயர்ந்த கூரைகள் வந்தன. 1826 வாக்கில் வில்லியம் ராபர்ட்சன் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் வந்து திரும்பவும் இடைக்காலக் களையைக் கொடுத்தார். நீங்கள் வரைந்த ஞாயில் அவர் காலத்துக் கைவேலை.

குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எந்தக் காலத்துக் கோட்டையை வரைகிறோம் என்று தெரிந்து வரைய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மாடவிளக்கு:

அப்படியென்றால் நாலாவது கோபுரத்தையும் சேர்த்து, மார்ஷல் காலத்தில் இருந்த மாதிரி வரையலாமே அக்கா?

ஈரத்தூரிகை:

வேண்டாம் தம்பி. நான் பார்க்காததை வரைய மனசு வரவில்லை. அந்தத் திறந்த பக்கம்தான் எனக்குப் பிடித்த பக்கம். புல்வெளியில் நின்று பார்த்தால் மூன்று பக்கமும் கை விரித்த மாதிரி இருக்கும். அந்த வெற்றிடம் எப்படி வந்தது என்று இப்போது தெரிந்த பிறகு இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது.

கோட்டோவியன்:

சரியான பதில். நில அளவைக்காரர் வேலையும் ஓவியர் வேலையும் ஒன்றில்லை. பழங்கல் அவர்கள் சொன்ன ஆண்டுகளெல்லாம் மனதில் இருக்கட்டும், தாளில் கண் பார்த்தது மட்டும் வரட்டும். இல்லாத கோபுரத்தைச் சேர்த்தால் அது பாடப்புத்தகப் படமாகிவிடும்.

வைகறை:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஈரத்தூரிகை அக்கா கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. காலண்டர் மாதிரி ஏன் இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பதில்: படத்தில் ஊர் இல்லை.

கில்கென்னி என்ற பெயரைப் பாருங்கள். கில் என்றால் தேவாலயம். கேனிஸின் தேவாலயம் என்பதுதான் ஊர்ப் பெயர். கோட்டை வருவதற்கு முன்பே அங்கே ஒரு மடமும் அதைச் சுற்றிக் குடியிருப்பும் இருந்தன. கோட்டை ஒரு முனை, பேராலயம் மறுமுனை. நடுவே ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தெருக்கள். அதற்குள்ளேயே இரண்டு ஊர் இருந்தது: கோட்டைப் பக்கம் ஆங்கிலக் குடியேறிகளின் மேலூர், பேராலயத்துப் பக்கம் ஐரிஷ்டவுன். நடுவே எல்லையாக பிரேகா என்ற சின்ன ஆறு. 1366இல் இயற்றிய கில்கென்னிச் சட்டங்கள் என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலக் குடியேறிகள் ஐரிஷ் மொழி பேசக்கூடாது, ஐரிஷ்காரர்களோடு மண உறவு கூடாது என்றெல்லாம் சொன்ன சட்டம். அது நிறைவேறியது இந்த ஊரில்தான். ஐரிஷ்டவுன் தனி நிர்வாகமாகவே 1843 வரை இருந்தது.

இப்படி இரண்டு முனை உள்ள ஊரில் ஒரு முனையை மட்டும், அதுவும் ஒரு பிரபு குடும்பத்தின் வீட்டை மட்டும் வெட்டியெடுத்து, மரமும் ஆறும் சுற்றிவைத்தால் அது பட்லர் குடும்பத்தின் உருவப்படம். கில்கென்னியின் படம் இல்லை.

இதற்கு அந்நாட்டு ஓவியத்திலேயே ஒரு மரபு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்கள் தங்கள் எஸ்டேட்டை ஓவியர்களை வைத்து வரையச் சொன்னார்கள். ஜார்ஜ் பாரெட், தாமஸ் ராபர்ட்ஸ், வில்லியம் ஆஷ்ஃபோர்ட் எல்லாம் அந்தக் காலத்துப் பெரிய நிலக்காட்சிக்காரர்கள். அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராபர்ட்ஸ் முப்பது வயது நிரம்பாமல் லிஸ்பனில் இறந்துபோனவர், அவர் வரைந்த மரத்தின் இலைக்கொத்தைப் பார்த்தால் இன்றைக்கும் காற்று வீசும். ஆனால் அந்த மாதிரிப் படங்களில் பிரபுவின் பூங்காவும் ஏரியும் மானும் இருக்கும், அந்த நிலத்தில் உழைத்தவர் குடிசை பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே இருக்கும். காசு கொடுத்தவர் எதைப் பார்க்க விரும்பினாரோ அது வந்தது.

விளக்குக் கம்பம், கார், வேலி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. தப்பாக நினைக்காதீர்கள்.

ஈரத்தூரிகை:

தப்பாக நினைக்கவில்லை. கொஞ்சம் வலித்தது, உண்மை. ஆனால் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், ஒரு ஆள்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பாலத்தில் எத்தனை பேர் என் தோளை இடித்துக்கொண்டு போனார்கள்!

கோட்டோவியன்:

வைகறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எஸ்டேட் படம் வரைந்தவர்களை இவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது. வானத்தை எப்படி வைப்பது, தூரம் போகப் போக நிறம் எப்படி வெளுக்கும், முன்னால் இருக்கும் மரத்தை இருட்டாக்கிப் பின்னால் வெளிச்சத்தை எப்படித் திறப்பது, இதையெல்லாம் அவர்களிடம்தான் அடுத்த தலைமுறை படித்தது. ஓவியனுக்குக் கூலி கொடுத்தவர் யார் என்பதை வைத்தே படத்தை எடைபோட்டால் எந்தப் படமும் மிஞ்சாது.

அப்புறம் ஒரு பொருளை மட்டும் எடுத்து வரைவது ஒரு குற்றமா? ஒரு மரத்தை மட்டும் வரைகிறோம், காடு எங்கே என்று யாராவது கேட்கிறார்களா?

வைகறை:

மரத்தை வரைந்து மரம் என்று தலைப்பு வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் சார். அக்கா தன் படத்துக்கு கில்கென்னி என்று தலைப்பு வைத்திருக்கிறார்.

காசு கொடுத்தது யார் என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. நோர் ஆறு போய்ச் சேரும் திசையிலேயே, தெற்கே வாட்டர்ஃபோர்ட் நகரம். 1736இல் அந்த நகரசபை வில்லியம் வான் டெர் ஹேகன் என்ற டச்சு வழி ஓவியரைக் கொண்டு ஊரை வரையவைத்து 20 பவுண்டு கொடுத்தது. பணம் கொடுத்தது ஊர், அதனால் படத்திலும் ஊர் இருக்கிறது: துறைமுகக் கரை, கப்பல்கள், வீட்டு வரிசை, ஆற்றின் முழு வளைவு. கோபுரம் இருக்கிறது, ஆனால் கூட்டத்தில் ஒருவராக.

பழங்கல்:

வைகறை சொல்வதற்கு இன்னும் பொருத்தமான சாட்சி கில்கென்னியிலேயே இருக்கிறது. பிரான்சிஸ் பிளேஸ்.

1647இல் பிறந்து 1728இல் இறந்த ஆங்கிலேயர். யார்க் நகரத்தில் வாழ்ந்தவர். சட்டம் படிக்க லண்டன் போய், கொள்ளைநோய் வந்ததும் ஊரைவிட்டு வெளியேறியவர். ஓவியம் அவருக்குப் பிழைப்பு இல்லை, ஆசை. மண்பாண்டம் செய்து பார்த்தார், செப்புத்தகட்டில் அச்சுப்படம் செய்து பார்த்தார், கால்நடையாகச் சுற்றினார். 1698, 1699 ஆண்டுகளில் அயர்லாந்துக்கு வந்து ட்ரோஹெடா, டப்ளின், கில்கென்னி, வாட்டர்ஃபோர்ட் என்று போன இடமெல்லாம் வரைந்தார். பேனா மையால் கோடு, அதன்மேல் மெல்லிய நீர்வண்ணப் பூச்சு. அவ்வளவுதான் கருவி.

கில்கென்னியை அவர் ஊருக்கு வெளியே வின்ட்கேப் குன்றிலிருந்து வரைந்தார். கோட்டையும் நகரமும் என்றே அந்தப் படத்தைக் குறிப்பிடுகிறார்கள். ஆர்மண்ட் டியூக் மாற்றிக் கட்டிய கோட்டையை, ராபர்ட்சன் கை படுவதற்கு நூறு வருஷத்துக்கும் மேலே முன்னால் கண்ணால் பார்த்து வரைந்த மனிதர். கிராம்வெல் படை வந்துபோய் ஐம்பது வருஷம்தான் ஆகியிருந்தது. அவருக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, எந்தப் பிரபுவையும் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. அவர் கோட்டை வாசலில் போய் நிற்கவில்லை. பின்னால் தள்ளி, மேலே ஏறி நின்றார்.

ஈரத்தூரிகை அவர்களே, பாலத்தில் நின்றால் உங்கள் கண்ணுக்கு ஊர் கிடைக்காது. நீங்கள் ஆற்றோடு போகும் திசையைப் பார்க்கிறீர்கள், ஊர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

ஈரத்தூரிகை:

முதுகுக்குப் பின்னால்! நாலு முறை அதே இடத்தில் நின்றிருக்கிறேன், ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

சாம்பல்வானம்:

பழைய படம் சேகரிக்கிறவன் என்ற முறையில் இடையில் ஒரு குறிப்பு. கில்கென்னிப் படம் என்று ஆண்டு போடாமல் ஏதாவது கையில் கிடைத்தால் நான் பார்ப்பது இவை. கோட்டைக்கு உயரக் கூரை இருந்தால் ராபர்ட்சனுக்கு முந்தியது. ஹை ஸ்ட்ரீட் பக்கம் தோல்செல் என்ற நகர மன்றத்தின் கடிகார மாடம் தெரிந்தால் 1761க்குப் பிந்தியது. ஊருக்கு நடுவே எல்லாவற்றையும் விட உயரமாக ஒரு சதுரக் கோபுரம் நின்றால் அது கத்தோலிக்கர்களின் புனித மேரி பேராலயம், 1857இல் முடிந்தது. ஜான் பாலம் கல் வளைவுகளோடு இருந்தால் 1910க்கு முந்தியது, இப்போது இருப்பது ஒரே வளைவுள்ள கான்கிரீட் பாலம். அதற்கும் முன்னால் இருந்த பாலத்தை 1763 வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று.

இந்த அடையாளம் எல்லாமே ஊரில்தான் இருக்கிறது பாருங்கள். கோட்டையை மட்டும் வரைந்த படத்தில் கூரையைத் தவிரக் காலத்தைச் சொல்ல வேறு பிடி கிடையாது.

மாடவிளக்கு:

அருமை! இதை வைத்து என்னிடம் இருக்கும் ஒரு பழைய அச்சுப்படத்தைப் பார்க்கப் போகிறேன்.

ஈரத்தூரிகை:

நேற்று போய்விட்டு வந்தேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வின்ட்கேப் குன்றுக்குத்தான் போக நினைத்தேன். ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கால் பேராலயத்துப் பக்கம் போய்விட்டது. புனித கேனிஸ் பேராலயத்தை ஒட்டி ஒரு உருண்டைக் கோபுரம் நிற்கிறது, சுமார் 30 மீட்டர் உயரம். பேராலயத்தைவிடப் பழையது. மெலிந்து, ஒரு புகைபோக்கி மாதிரி. உச்சியில் இருந்த கூம்பு இப்போது இல்லை, தட்டையாக இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே ஏறலாம். பழங்கல் சொன்ன கல்லறைகளை முதலில் பார்த்தேன். கருப்புக் கல்லில் கைகூப்பிப் படுத்திருக்கும் அந்த அம்மாவின் உடை மடிப்புகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மடிப்பின் விளிம்பெல்லாம் பளபளப்பு, குழிவெல்லாம் மங்கல்.

அப்புறம் கோபுரம். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மரத்தட்டுகள், ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்குச் செங்குத்தான மர ஏணி. இரண்டு கையும் ஏணிக்கே வேண்டும். வரைபலகையைக் கீழே விட்டுவிட்டு, சின்ன நோட்டையும் ஒரு பென்சிலையும் மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறினேன். மேலே போகப் போக உட்சுவர் நெருங்கி வருகிறது. கடைசி ஏணியில் தோள் இரண்டு பக்கமும் கல்லை உரசியது. கல் ஜில்லென்று, ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தின் நிறம் கோட்டோவியன் சார் சொன்ன அதே நீலம்.

உச்சியில் நாலைந்து பேர் நிற்கலாம். எனக்கு முன்னால் தெற்கே ஊர் முழுக்கக் கிடந்தது.

காலடியில் ஐரிஷ்டவுன் கூரைகள். வலது பக்கம் கருப்பு மடாலயம், அதைத் தாண்டிப் புனித மேரியின் பெரிய கோபுரம். நடுவே ஹை ஸ்ட்ரீட் வளைந்து போகிறது, தோல்செல்லின் மாடம் கூரைகளுக்கு மேலே சின்னக் குமிழ் மாதிரி தெரிகிறது. இடது பக்கம் ஆறு, மரங்களுக்கு நடுவே அங்கங்கே மட்டும் மினுங்குகிறது. எல்லாவற்றுக்கும் பின்னால், அந்தக் கடைசியில், கோட்டை.

கையை நீட்டிப் பென்சிலால் அளந்தேன். என் கட்டைவிரல் நகத்தளவுதான் இருந்தது. நாலு முறை தாளை முழுக்க அடைத்துக்கொண்டிருந்த கோட்டை!

காற்று பலம், நோட்டின் பக்கத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டு இருபது நிமிஷத்தில் ஒரு கோட்டுப்படம் போட்டேன். மேலே வந்த ஒரு வயதான உள்ளூர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கூரையைக் காட்டி, அது அவர் பிறந்த வீடு என்றார். அந்தக் கூரையை நான் வெறும் கோணலாகக் கிறுக்கியிருந்தேன். அவர் எதிரிலேயே அழித்துவிட்டு, புகைபோக்கியை எண்ணி ஒழுங்காகப் போட்டேன்.

வைகறை:

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிளேஸ் கோட்டைப் பக்கத்து வெளியிலிருந்து பார்த்தார், நீங்கள் ஐரிஷ்டவுன் முனையிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். உங்கள் படத்தில் முன்னால் நிற்பது சாதாரணக் கூரைகள். அந்தப் பெரியவர் வீட்டுப் புகைபோக்கியைத் தயவுசெய்து கடைசிவரை விட்டுவிடாதீர்கள்.

சாம்பல்வானம்:

வைகறையோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. கோட்டை இன்னும் பட்லர் வீடுதான் என்ற மாதிரி பேசுகிறீர்கள். அவர்கள் 1935இல் அங்கிருந்து போய்விட்டார்கள். உள்ளே இருந்த பொருள்களை ஏலம் விட்டார்கள். அப்புறம் முப்பது வருஷம் மழையும் ஒழுகலுமாகக் கிடந்தது. 1967இல் குடும்பத் தலைவர் அதை ஊர்க்காரர்களின் சீரமைப்புக் குழுவுக்கு 50 பவுண்டுக்குக் கொடுத்தார். பிறகு அரசாங்கம் பொறுப்பேற்றுப் பல வருஷம் பாடுபட்டுச் சீர்செய்தது. இன்றைக்கு அந்தப் புல்வெளியில் குழந்தைகள் ஓடுகின்றன, கல்லூரிப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். பூங்கா ஊருடையது.

அதனால் முதல் படத்தையும் தூக்கிப் போட வேண்டாம். அதில் கோட்டை இருப்பது குற்றமில்லை, ஆள் இல்லாததுதான் குறை. பாலத்தில் உங்கள் தோளை இடித்துவிட்டுப் போனவர்களை அதில் சேருங்கள், அதுவும் கில்கென்னிதான்.

வைகறை:

50 பவுண்டு விஷயம் எனக்குத் தெரியாது. இதை ஒத்துக்கொள்கிறேன். நான் பார்த்த கோணம் 18ஆம் நூற்றாண்டோடு நின்றுவிட்டது.

கோட்டோவியன்:

இப்போது வேலைக்கு வருவோம். கோபுரத்திலிருந்து பார்த்த காட்சியை வரைவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தெற்கைப் பார்க்கிறீர்கள், மத்தியானத்தில் சூரியன் எதிரே. கோட்டை வெறும் நிழலுருவாகத்தான் தெரிந்திருக்கும். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். தூரத்தில் இருக்கும் சின்னப் பொருளைப் பெரிதாக்காமலே கண்ணைக் கொண்டுபோய் அங்கே நிறுத்த ஒரே வழி, அதன் பின்னால் வானத்தில் வெளிச்சமான இடத்தை வைப்பது. மேகத்தில் ஒரு கிழிசல் இருந்தால் அதைக் கோட்டைக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். முன்னால் கூரைகளில் சூடான நிறங்கள், பின்னால் போகப் போகச் செருலியன் நீலம். புனித மேரியின் கோபுரம் உயரம் என்பதால் அதுவே கண்ணை இழுத்துவிடும். அதன் விளிம்பை ஒரு பக்கம் வானத்தோடு கரைத்துவிடுங்கள், தாள் ஈரமாக இருக்கும்போதே.

கூரைகள் நிறைய வரும். நூறு கூரையையும் ஒரே கவனத்தோடு வரைந்தால் படம் மூச்சுவிடாது. அந்தப் பெரியவர் வீட்டைச் சுற்றி ஒரு பத்து கூரையை நிதானமாக வரையுங்கள், மற்றதெல்லாம் தூரிகையின் பக்கவாட்டால் ஒரே இழுப்பு.

ஈரத்தூரிகை:

சார் சொன்ன மாதிரியே செய்தேன். நாலு சாயங்காலம் பிடித்தது. படம் இணைத்திருக்கிறேன்.

வானத்தை ஒரே மூச்சில் போட்டேன், திரும்பத் தொடவில்லை. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் நீங்கள் சொன்னபடியே பிரிந்து நின்றன. கோட்டை மூன்று தொடுகையில் முடிந்துவிட்டது, ஒரு கோபுரத்துக்கு ஒரு தொடுகை. புகைபோக்கி இருக்கிறது, நாலு குழாயோடு.

ஒரே ஒரு இடத்தில் தடுமாறி நின்றுவிட்டேன். இடது பக்கம், ஆற்றை ஒட்டி. புனித பிரான்சிஸ் மடாலயத்தின் இடிபாடும், அதைச் சுற்றி 1710இல் தொடங்கிய ஸ்மித்விக் மதுவடிசாலையும் இருந்த இடம். 2013இல் வடிசாலையை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே புதுக் கட்டடங்கள், பாதை, பூங்கா என்று வேலை நடந்துகொண்டிருக்கிறது. நான் மேலே நின்ற அன்றைக்குப் பாதி மண்தரையும் பாதி கட்டுமானமுமாக இருந்தது. மடாலயத்தின் ஒல்லிக் கோபுரம் மட்டும் நடுவே தனியாக நின்றது. பழைய வடிசாலையை நான் பார்த்ததில்லை, வரப்போவதும் தெரியாது. அதனால் மடாலயக் கோபுரத்தை மட்டும் வரைந்துவிட்டு, சுற்றிலும் தாளை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். பூர்த்தியாகாத படம் மாதிரி தெரிகிறதா?

பழங்கல்:

இல்லை. மதிலுக்குள் அந்த இடம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆண்டையும் மாதத்தையும் மூலையில் எழுதிவையுங்கள், சாம்பல்வானம் மாதிரி ஒருவர் பின்னால் தேடுவார்.

கோட்டோவியன்:

அந்த வெள்ளையைத் தொடாதீர்கள்மா. ஓரத்தில் ஒரு ஈரக்கோடு ஓடியிருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள், ஆற்றுப் பக்கமாகத்தான் ஓடியிருக்கிறது.